தோலும் அதன் அடையாளப் புரதங்களும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். தோலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயற்குழுவில் இருக்கும் அக்கா ஒருவர், "அப்ப முகத்துக்கு என்ன கிறீம் பூசுறது எண்டும் சொல்லிவிடுங்கோ" என்றார். அதற்கும் இடையில் ஒரு பதில் வரும். இன்றைய விடயம் தோலில் உள்ள சில புரதங்கள். அவற்றை வைத்து நாங்கள் நோயை எப்படி அடையாளம் காண்கிறோம், எங்கே பிழை விடுகிறோம் என்பதைத்தான் சொல்ல வந்தோம். "நாங்கள்" என்று பேசுவதற்குக் காரணம் உண்டு. தோல் நோய்க் கிளினிக்கில் யாரும் தனியாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தோல் துணுக்கை எடுப்பவர் ஒருவர், அதைச் சரியான போத்தலில் போட்டு அனுப்பும் தாதி ஒருவர், ஆய்வுகூடத்தில் அதைச் சீவுபவர் ஒருவர், நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர் இன்னொருவர்.

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த ரீச்சரை இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஒருநாள் புள்ளி விழுந்த இலை ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். நாங்கள் உடனே அதை வரையத் தொடங்கினோம். ரீச்சர் கொப்பிகளை வாங்கி மூடிவிட்டார். முதலில் அதே மரத்தின் நல்ல இலையை வெட்டிப் பார்த்து வரையச் சொன்னார். நல்ல இலைக்கே அந்தப் பாடநேரம் முழுவதும் முடிந்துவிட்டது. அன்று எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆகவே நாமும் நல்ல தோலிலிருந்து தொடங்குவோம்.

நம் மேற்றோலின் அடியில் ஒரு வரிசைக் கலங்கள் இருக்கின்றன. அவை பிரிந்து, புதிய கலங்கள் மேலே ஏறி, தட்டையாகி, இறந்து, கடைசியில் தூசாக உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். அடிவரிசையில் நிற்கும் கலத்தில் கெரற்றின் 5, கெரற்றின் 14 என்ற புரதங்கள் இருக்கும். அது மேலே ஏறத் தொடங்கியதும் அவற்றைத் தயாரிப்பதை விட்டுவிட்டு கெரற்றின் 1, கெரற்றின் 10 ஆகியவற்றைத் தயாரிக்கும். கீழ்ப்பிரிவுப் பிள்ளை மேற்பிரிவுக்குப் போகும்போது கழுத்துப்பட்டி மாறுவதுபோல என்று வையுங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லோரும் வெள்ளைச் சீருடைதான். பட்டியைப் பார்த்தால்தான் யார் எந்தப் பிரிவு என்று தெரியும். கலத்தின் இடத்தையும் வயதையும் வேலையையும் இப்படிக் காட்டிக்கொடுக்கும் புரதங்களையே அடையாளப் புரதங்கள் என்கிறோம். ஒரு பிள்ளை தவறான பட்டியோடு தவறான இடத்தில் நின்றால் மாணவத் தலைவியின் கண்ணில் படும் அல்லவா? நுணுக்குக்காட்டியில் எங்கள் வேலையும் அதுதான்.

மேலே ஏறும் கலம் இறப்பதற்குச் சற்று முன் இன்னொரு புரதத்தைச் சேமித்து வைக்கிறது. அதன் பெயர் பிலாகிரின். அது கெரற்றின் இழைகளை இறுக்கிக் கட்டுகிறது. பிறகு தானே உடைந்து அமினோ அமிலங்களாகி, தோலின் மேற்படையில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கட்டும் வேலையும் நனைக்கும் வேலையும் ஒன்றுக்கே. இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு பழுதானால் தோல் வரண்டு மீன்செதில்போல ஆவதையும், அப்படிப்பட்டவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுவதையும் 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் பேராசிரியர் இர்வின் மக்லீனின் குழுவினர் கண்டறிந்தார்கள். ஐரோப்பியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இந்தப் பழுது ஒன்றாவது இருக்கிறது. ஆசிய மக்களிடமும் உண்டு, ஆனால் பரம்பரையலகில் பழுதாகும் இடங்கள் வேறு. அதுவரை கரப்பானை முற்றுமுழுதாக ஓர் ஒவ்வாமை நோயாகவே பார்த்தோம். அதற்குப் பிறகுதான் ஓட்டை விழுந்த சுவராகவும் பார்க்கப் பழகினோம்.

இது ஏன் நமக்கு முக்கியம்? கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒருநாள் இரவு அழைத்தாள். இரண்டு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் கரப்பான். பிள்ளை இரவில் நித்திரை கொள்வதில்லை. "எடி, முட்டையும் நிப்பாட்டிட்டன், பாலும் நிப்பாட்டிட்டன். மாமி கத்தரிக்காய், றால், கணவாய் எல்லாம் கிரந்தி எண்டு சொல்லுறா. இப்ப இரத்தம் சோதிச்சதிலை கோதுமையும் சோயாவும் வந்திருக்கு. நான் இவனுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று அழுதாள். அறிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதினெட்டு உணவுகள், பத்துக்கு மேல் "நேர்" என்று குறிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பரிசோதனை அளப்பதும் ஒரு புரதத்தைத்தான். ஐஜிஈ என்ற பிறபொருளெதிரி அது. கரப்பான் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் அது பொதுவாகவே உயர்ந்திருக்கும். சாப்பிட்டு எந்தக் கெடுதியும் வராத உணவுக்கும் "நேர்" காட்டும். உடல் அந்த உணவைச் சந்தித்துக் குறித்து வைத்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். சாப்பிட்டால் வருத்தம் வரும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முட்டை தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சு இழுத்தாலோ அது வேறு கதை. அங்கே அறிக்கைக்குப் பொருள் உண்டு. இவளுடைய பிள்ளைக்கு அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

நாங்கள் பிள்ளையின் உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். "என்னடி, கைரேகை பாக்கிறியோ?" என்று அந்த நேரத்திலும் சிரித்தாள். உண்மையிலேயே கைரேகைதான். பிலாகிரின் குறைந்தவர்களின் உள்ளங்கையில் கோடுகள் வழமையை விட ஆழமாகவும் நிறையவும் இருப்பதுண்டு. பிள்ளையின் கையில் அப்படியே இருந்தது. பிறகு அவள் தன் கையையும் படம் எடுத்து அனுப்பினாள். அதிலும் இருந்தது. சின்ன வயதில் மார்கழி வாடைக்குக் கால் வெடித்து, அம்மம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிட்டதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு விடயத்தை இங்கே மறைக்கக் கூடாது. பரம்பரையலகு முற்றிலும் நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் கரப்பான் வந்த இடத்தில் பிலாகிரின் குறைந்துதான் இருக்கும். அழற்சியின்போது வரும் இன்டர்லூக்கின் 4, 13 என்ற புரதங்கள் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடும். ஆகவே கரப்பான் தோலில் பிலாகிரின் குறைந்திருப்பதைக் கண்டு, "இதுதான் காரணம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படுகிறார். அது காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். எதுவானாலும் செய்ய வேண்டியதில் பெரிய வித்தியாசம் இல்லை. குளித்து ஈரம் காயுமுன் மணமில்லாத தடித்த களிம்பை நிறையப் பூச வேண்டும். தினமும் பூச வேண்டும், நன்றாக இருக்கும் நாளிலும் பூச வேண்டும். வெளிநாட்டில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் போட்டால் காற்று வரண்டுவிடும், அங்கே இன்னும் கூடுதலாகப் பூச வேண்டும். சிவந்து அரிக்கும் இடத்துக்கு வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் களிம்பை, சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் பூச வேண்டும்.

இந்த ஸ்டீரொயிட் விடயத்தில் எங்கள் சனங்களிடம் ஒரு விசித்திரம் இருக்கிறது. கரப்பானில் துடிக்கும் பிள்ளைக்கு இரண்டு கிழமை பூசப் பயப்படுவார்கள். அதே வீட்டில் கலியாணம் வரும் பெண்ணுக்கு, பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீமை ஆறு மாதம் பூசுவார்கள். அவற்றில் பலவற்றில் கடும் ஸ்டீரொயிட்டும் சிலவற்றில் பாதரசமும் கலந்திருக்கிறது. ஸ்டீரொயிட் தோலின் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும். முகத்தில் தோல் மெலிந்து, நரம்போடி, வெயில் பட்டால் எரியத் தொடங்கியபின் வருகிறார்கள். செயற்குழு அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: வெயிலுக்கு ஒரு களிம்பு, வரட்சிக்கு ஒரு களிம்பு, வெள்ளையாவதற்கு ஒன்றும் வேண்டாம்.

உணவு நிறுத்துவதைப் பற்றியும் ஒன்று. இலண்டனில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலை கலந்த உணவு கொடுக்கத் தொடங்கினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயதுவரை தவிர்த்தார்கள். ஆரம்பச் சோதனையில் நிலக்கடலைக்கு எதிர்வினை காட்டாத பிள்ளைகளில், தவிர்த்தவர்களுக்கு 13.7 வீதமும் சாப்பிட்டவர்களுக்கு 1.9 வீதமும் ஒவ்வாமை வந்தது. வாயால் போகும் உணவுக்கு உடல் பழகிக்கொள்கிறது. உடைந்த தோலால் நுழையும் உணவுத் துகளைப் பகையாகப் பார்க்கிறது என்பதே இன்றைய விளக்கம். கடும் கரப்பான் உள்ள பிள்ளைக்கு இதை வைத்தியரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் மாமியின் பட்டியலையும் ஆய்வுகூடத்தின் பட்டியலையும் கூட்டி, ஒரு பிள்ளையைச் சோறும் உருளைக்கிழங்குமாக வளர்ப்பதில் ஆபத்து உண்டு என்பதை அம்மாமார் தெரிந்திருக்க வேண்டும். தோழியின் மகன் இப்போது முட்டை சாப்பிடுகிறான்.

சொரியாசிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். அங்கே கலத்தின் ஒரு மாதப் பயணம் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. முதிர்ச்சியடையாமலே மேலே வந்து வெள்ளிச் செதிலாகக் குவிகின்றன. அந்தத் தோலில் கெரற்றின் 6, 16, 17 நிறையத் தெரியும். அப்படியென்றால் அவை நோயின் புரதங்களா? இல்லை. அடிபட்ட காயம் ஆறும்போது இதே புரதங்கள் வரும். நலமான உள்ளங்காலிலும் இருக்கும், அங்கே தினமும் தேய்மானம் அல்லவா! சொரியாசிஸ் தோல், இல்லாத காயத்தை ஆற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொய்யான அழைப்பை அனுப்புவது இன்டர்லூக்கின் 17, 23 என்று தெரிந்தபின், அவற்றையே தடுக்கும் ஊசிகள் வந்தன. இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் முதல் ஊசிக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஒளிச்சிகிச்சையிலும் மெதொட்ரெக்சேற்றிலும் நன்றாக இருப்பவர்கள் எங்களிடம் ஏராளம். இது தொற்றாது. தொட்டாலும் ஒரே துவாயைப் பாவித்தாலும் தொற்றாது. இதைக் கேட்க எளிதாக இருக்கும். ஆனால் திருமணப் பேச்சில் முழங்கையை மறைத்து நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும்.

மச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். மெலனோமா புற்றுநோயைத் தேடும்போது எஸ்100, சொக்ஸ்10, மெலன்-ஏ என்ற புரதங்களுக்குச் சாயம் ஏற்றுகிறோம். அவை மூன்றும் நலமான நிறக் கலத்திலும் இருக்கின்றன. "இது நிறக் கலம்" என்பதைத்தான் அவை சொல்லும். "இது புற்றுநோய்" என்று சொல்லமாட்டா. கலங்கள் எங்கே நிற்கின்றன, எப்படிப் பரவுகின்றன என்பதை மனிதக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் நிறத்தவர்களுக்கு இந்த நோய் குறைவு, வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். காலில் புதிதாக ஒரு கருமை வந்து வளர்ந்தால் காட்டுங்கள்.

இனி, சொல்லவென்றே வந்த விடயத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஐம்பது வயதை எட்டிய அம்மா ஒருவர் எங்களிடம் அனுப்பப்பட்டார். பாலர் பாடசாலை நடத்துகிறவர். ஐந்து மாதமாக வாய்ப்புண். முதலில் சூடு என்று இளநீர் குடித்தார். பிறகு விற்றமின் குளிசை, பிறகு பல் வைத்தியம், பிறகு வயிற்றுப்புண்ணுக்கு மருந்து. உறைப்புத் தொடமுடியாமல், பிறகு சோறே விழுங்கமுடியாமல், கஞ்சியில் இருந்தார். ஐந்தாம் மாதம் முதுகிலும் நெஞ்சிலும் கொப்புளங்கள் வந்தன. அயலவர்கள் கொப்புளிப்பான் என்று வேப்பிலை கட்டினார்கள். பிள்ளைகள் வருவது நின்றது. கொப்புளங்கள் ஆறவில்லை, உடைந்து சிவந்த புண்ணாக விரிந்தன.

பெம்பிகஸ் என்று சந்தேகித்தோம். தோல் கலங்களை ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் புரதங்கள் டெஸ்மோகிளீன் எனப்படும். சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி. பெம்பிகஸில் உடல் அந்தப் பட்டன்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. நோயாளியின் இரத்தத்தில் அப்படிப்பட்டவை இருப்பதை 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவரும் காட்டினார்கள். 1991இல் அமகாய், ஸ்டான்லி ஆகியோர் அவை தாக்குவது டெஸ்மோகிளீன் 3 என்ற புரதத்தைத்தான் என்று கண்டறிந்தார்கள். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. தோலில் டெஸ்மோகிளீன் 1, 3 இரண்டும் உண்டு. ஒன்று போனால் மற்றது ஓரளவு பிடித்துக்கொள்ளும். வாயின் உட்புறம் பெரும்பாலும் 3ஐ மட்டுமே நம்பி நிற்கிறது. அதனால் 3 தாக்கப்படும்போது வாய்தான் முதலில் கிழிகிறது. பல மாதம் கழித்து 1ம் தாக்கப்படும்போது தோலில் கொப்புளம் வருகிறது. சிறு குழந்தைகளுக்கு ஒருவகை பற்றீரியாவின் நஞ்சு டெஸ்மோகிளீன் 1ஐ மட்டும் வெட்டும். வெந்நீர் ஊற்றியதுபோலத் தோல் உரியும், ஆனால் வாய் சுத்தமாக இருக்கும். அதே கணக்கு, மறுபக்கமாக. அந்த அம்மாவின் வாய் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். கேட்க ஆள் இருக்கவில்லை.

கேட்க வேண்டிய நாங்களும் பிழை விட்டோம். நோயை உறுதிப்படுத்த இரண்டு துணுக்குகள் எடுக்க வேண்டும். ஒன்று கொப்புளத்திலிருந்து, அது போமலினில் போகும். மற்றது கொப்புளத்துக்குப் பக்கத்தில் நலமாகத் தெரியும் தோலிலிருந்து. அதற்குப் போமலின் ஆகாது. போமலினில் போட்டால் நாம் தேடும் அடையாளம் தெரியாமல் போய்விடும். அதற்கென்று தனித் திரவம் உண்டு. அன்று வேலை நெருக்கடி. இரண்டு துணுக்கும் புண்ணின் நடுவிலிருந்தே எடுக்கப்பட்டு, இரண்டும் ஒரே போத்தலில் போமலினுக்குள் போயின. புண்ணின் நடுவில் மேற்றோலே இல்லை. அறிக்கை "தீர்மானிக்க இயலாது" என்று வந்தது. யார் எடுத்தது, யார் போட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா, "பரவாயில்லை பிள்ளை, இன்னொருக்கா எடுங்கோ" என்றார். பத்து நாட்கள் போய்விட்டிருந்தன. அந்தப் பத்து நாளில் முதுகு முழுவதும் புண்ணாகியிருந்தது.

இரண்டாம் முறை புண்ணிலிருந்து சற்றுத் தள்ளி, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த தோலில் எடுத்தோம். "நல்ல தோலை ஏன் வெட்டுறியள்?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. புண்ணில் எல்லாம் உடைந்து கிடக்கும். எது எதைத் தாக்கியது என்று அங்கே தெரியாது. பக்கத்தில் நலமாகத் தெரியும் தோலில் பிறபொருளெதிரிகள் ஏற்கெனவே பட்டன்களில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் இன்னும் கிழிந்திருக்காது. ஒளிரும் சாயம் ஏற்றி இருட்டறையில் பார்த்தபோது ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் பச்சைக் கோடு. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை மாதிரி. தாவரவியல் ரீச்சரின் நல்ல இலை அன்று எங்களுக்கு ஞாபகம் வந்தது.

1950களில் ஸ்டீரொயிட் வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள். இன்று அப்படியில்லை. பிரெட்னிசலோன், அசதயோபிரின் கொடுத்தோம். சீனி ஏறியது, எலும்புக்கும் மருந்து கொடுக்க வேண்டி வந்தது. பிறகு ரிட்டுக்சிமாப். பிறபொருளெதிரியைச் செய்யும் கலங்களின் மூலத்தை அது குறைக்கும். அமெரிக்காவில் 2018இல் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. ஆறு மாதத்தில் தோல் மூடியது. எல்லாவற்றுக்கும் கடைசியாக வாய் ஆறியது. அவருடைய பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள், எல்லோரும் அல்ல.

இங்கிருக்கும் அம்மாமாரிடமும் தூரத்தில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழியரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் பெரும்பாலானவை பெம்பிகஸ் அல்ல. ஆனால் அது எதுவானாலும் மூன்று கிழமையில் பார்ப்பது ஐந்து மாதத்தில் பார்ப்பதை விட நல்லது. தோல் துணுக்கு எடுக்கும்போது, "நல்ல தோலில் ஏன் எடுக்கிறீர்கள், எந்தப் போத்தலில் போடுகிறீர்கள்" என்று கேளுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம்.

அந்த அம்மா போன தவணை கிளினிக்குக்கு வந்தபோது கையில் ஓர் அறிக்கையும் முகத்தில் கலக்கமும் இருந்தன. மகன் வெளியில் செய்வித்த இரத்தப் பரிசோதனை. டெஸ்மோகிளீன் 3க்கு எதிரான பிறபொருளெதிரி இன்னும் உயர்ந்தே இருந்தது. "திரும்ப வரப்போகுதோ பிள்ளை?" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, முரசு எல்லாம் சுத்தம். நோய் அடங்கியபின்னும் இந்த இலக்கம் சிலருக்கு நீண்டகாலம் இறங்காமல் நிற்கும். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டோம். காலையில் இடியப்பமும் பச்சைமிளகாய் போட்ட சம்பலும் என்றார். மருந்தைக் கூட்டவில்லை. அடுத்த கிளினிக் மூன்று மாதத்தில் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தோம்.